லைதும்க்ராவில் ஒரு ட்யூப் ஆம்ப்

குவாஹாட்டி விமான நிலையத்தில் பெட்டி கைக்கு வந்ததும் ஓரமாக உட்கார்ந்து திறந்து பார்த்தேன். இரண்டு சட்டை, ஒரு மழைக்கோட்டு. மிச்சமெல்லாம் கருவிகள்: சால்டரிங் அயர்ன், ஈயக் கம்பி, ஈயம் உறிஞ்சும் பம்ப், மல்டிமீட்டர், இரண்டு முனையிலும் பிளக் வைத்த ஓரடி நீள கிதார் வயர். எல்லாம் பத்திரமாக இருந்தன. காண்டாக்ட் கிளீனர் டப்பாவை மட்டும் சென்னையிலேயே வைத்துவிட்டு வந்திருந்தேன். தீப்பிடிக்கும் ஸ்பிரேயை விமானத்தில் ஏற்ற விடமாட்டார்கள். அது இல்லாமல் என்ன செய்யப்போகிறோம் என்ற யோசனை வழியெல்லாம் இருந்தது.

மேகாலயாவுக்கு நான் கிளம்பியது மழை பார்க்கத்தான். கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்னால், சென்னையில் கல்லூரி படிக்கும் ஷில்லாங் பையன் ஒருவன் தன் கிதார் பெடலைச் சரிபார்க்க என் பட்டறைக்கு வந்தான். "அண்ணா, ஷில்லாங் போறீங்கன்னா எங்க வீட்டுக்கு ஒரு நாள் போயிட்டு வாங்க. அப்பாவோட ட்யூப் ஆம்ப் ஒரு வருஷமா சத்தம் வருது, போகுது. ரெண்டு தடவை எல்லா ட்யூபையும் மாத்தியாச்சு" என்றான். கடைசி வாக்கியம் என்னை உறுத்தியது. இரண்டு தடவை ட்யூப் மாற்றியும் போகாத நோய் ட்யூபில் இல்லை. மூன்றாம் தடவையும் அதையே மாற்றுவதற்குள் யாராவது போய்ப் பார்க்க வேண்டும்.

குவாஹாட்டியிலிருந்து ஷில்லாங் சுமார் 100 கிலோமீட்டர். தலைக்கு இவ்வளவு என்று வாங்கும் சுமோவில் நடு சீட் கிடைத்தது. நகரத்தைத் தாண்டியதும் ஏற்றம் தொடங்குகிறது. நோங்போவில் வண்டி நின்றது. சாலையோரக் கடைகளில் அன்னாசிப் பழங்களைக் கோபுரம் போல அடுக்கி வைத்திருக்கிறார்கள். நறுக்கி, உப்பும் மிளகாய்த்தூளும் தூவிக் கொடுத்ததைத் தின்றுகொண்டே நிற்கும்போது முதல் மழை பிடித்தது. பிறகு ஊர் போய்ச் சேரும்வரை விடவில்லை. உமியம் ஏரி வந்தபோது கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தேன். தண்ணீர் எங்கே முடிகிறது, மேகம் எங்கே தொடங்குகிறது என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. அது இயற்கை ஏரி அல்ல. 1960களில் மின்சாரத்துக்காக ஆற்றை மறித்துக் கட்டிய நீர்த்தேக்கம்.

ஷில்லாங்கின் போலீஸ் பஜாரில் இறங்கி, கறுப்பும் மஞ்சளுமான சிறிய டாக்சியில் லைதும்க்ரா பகுதிக்குப் போனேன். நீல நிறப் பேராலயத்தைத் தாண்டி ஒரு சந்து. மரத்தரை, தகரக் கூரை, நாணல் தட்டி மேல் பூச்சுப் பூசிய சுவர். 'அஸ்ஸாம் வீடு' என்று இதற்குப் பெயர். 1897 ஜூன் 12ஆம் தேதி வந்த பெரும் பூகம்பத்தில் ஷில்லாங்கின் கல் கட்டடங்கள் தரைமட்டமாயின. அதன் பிறகு இந்த மலையில் வீடு என்றால் கனமில்லாத வீடுதான் என்று ஆயிற்று. பூகம்பத்துக்குப் பயந்து போட்ட கூரைதான். ஆனால் மழையில் அதன் கீழே உட்கார்ந்தால் பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்காது. ஆம்பில் லேசான இரைச்சல் இருக்கிறதா என்று காதைத் தீட்ட வந்தவனுக்கு இது பெரிய சோதனை.

பையனின் அப்பாவுக்கு அறுபது வயதைத் தாண்டியிருக்கும். காஸி மக்கள் ஆணை மரியாதையாக 'பாஹ்' என்று அழைப்பார்கள். நானும் அப்படியே அழைத்தேன். உட்கார்ந்ததும் அவர் மனைவி தட்டில் க்வாய் கொண்டுவந்து வைத்தார். பச்சைப் பாக்கு, வெற்றிலை, சுண்ணாம்பு. விருந்தாளிக்கு முதலில் இதுதான். நம் ஊர்த் தாம்பூலம் சாப்பாட்டுக்குப் பின்னால் வரும். இங்கே பேச்சுக்கு முன்னாலேயே வந்துவிடுகிறது. பச்சைப் பாக்கு நெஞ்சுக்குள் இறங்கியதும் காது மடல் சுட்டது. அந்தக் குளிருக்கு அது வேண்டியிருந்தது.

"இந்த வீடு என்னுடையது இல்லை" என்றார் பாஹ், ஆங்கிலமும் இந்தியும் கலந்து. "என் மனைவியின் அம்மா வீடு. நாளைக்கு என் கடைசிப் பெண்ணுக்குப் போகும். ஆம்பும் அவளுக்குத்தான்." காஸிகளிடம் வம்சம் பெண் வழி, குடும்ப வீடு கடைக்குட்டிப் பெண்ணுக்கு. அந்தப் பெண் கதவருகில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். கிதார் வாசிப்பவள் இப்போது அவள்தான். அப்பா மாதத்துக்கு ஒருமுறை தொட்டால் அதிகம்.

ஒரு மலை நகரத்தில் இத்தனை கிதார் எப்படி வந்தது என்று கேட்டேன். அவர் தேவாலயத்திலிருந்து தொடங்கினார். 1841இல் வேல்ஸ் நாட்டுப் பாதிரியார் தாமஸ் ஜோன்ஸ் சோஹ்ரா என்ற மலை ஊருக்கு வந்து காஸி மொழியை ரோமன் எழுத்தில் எழுதிக் காட்டினார். அவருக்குப் பின்னால் வந்தவர்களோடு டானிக் சோல்ஃபாவும் வந்தது. நம் ஸரிகம போல ஸ்வரங்களை எழுத்தாகவே எழுதிப் பாடும் முறை. நான்கு குரலில் பாடிப் பழகிய பிள்ளைகளுக்கு வானொலியில் ராக் இசை வந்தபோது எதையும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. பாடகர் லூ மஜாவ் 1972 முதல் ஆண்டுதோறும் மே 24 அன்று பாப் டிலனின் பிறந்தநாளை இந்த ஊரில் பாட்டாகக் கொண்டாடி வருகிறார். பாஹ் இளைஞராக இருந்தபோது அதைக் கேட்கப் போனவர். சேர்த்து வைத்த பணத்தில் பல வருடம் கழித்து வாங்கியது இந்த ஆம்ப்.

நாற்பது வாட், ஒரே பெட்டிக்குள் ஸ்பீக்கரும் சேர்ந்தது. பின்பக்கம் குனிந்து பார்த்தால் இரண்டு பெரிய 6எல்6 ட்யூபுகள், மூன்று சிறிய 12ஏஎக்ஸ்7. எல்லாம் புதிது. கண்ணாடியின் மேலே வெள்ளிப் பூச்சு பளபளத்தது. பழுதுபார்த்த கடை இரண்டு தடவையும் முழு செட்டை மாற்றிப் பணம் வாங்கியிருக்கிறது. எனக்கு வருத்தமாக இருந்தது. இன்று இந்த ட்யூபுகளைச் செய்யும் ஆலைகள் உலகத்திலேயே விரல்விட்டு எண்ணும் அளவுதான். பெரும்பாலும் ஸ்லோவாக்கியா, ரஷ்யா, சீனா. நம் பெங்களூர் பாரத் எலக்ட்ரானிக்ஸே ஒரு காலத்தில் ரேடியோ வால்வு செய்தது. அது பழைய கதை. இவ்வளவு அருமையான பொருளை, எங்கே பழுது என்று பார்க்காமலேயே கழற்றி எறிவது தவறு.

"வாசித்துக் காட்டுங்கள் பாஹ்" என்றேன். ஸ்விட்சைப் போட்டு, ட்யூப் சூடாக ஒரு நிமிடம் காத்திருந்து, மெல்ல விரலால் வருடினார். ஒன்றும் வரவில்லை. பலமாக ஒரு அடி அடித்தார். சட்டென்று முழுச் சத்தமும் பாய்ந்து வந்தது. இரண்டு நொடி நின்றது. ஸ்வரம் தேய்ந்து கீழே இறங்க இறங்க, கரகரத்து, அறுந்து போயிற்று.

எனக்கு அப்போதே பாதி தெரிந்துவிட்டது. பலத்த சிக்னல் தாண்டிப் போகிறது, மெல்லியது தாண்ட முடியவில்லை என்றால் வழியில் ஏதோ ஓர் உலோகத் தொடர்பின் மேல் படலம் படிந்திருக்கிறது. பெரிய வோல்டேஜ் அந்தப் படலத்தைக் குத்திக் கிழித்துவிடும்; சிறியது முட்டி நின்றுவிடும். ஆம்பின் பின்பக்கத்தில் இரண்டு துளைகளைக் காட்டி, "இதை எப்போதாவது பயன்படுத்தியிருக்கிறீர்களா?" என்று கேட்டேன்.

"இல்லையே. வாங்கியதிலிருந்து தொட்டதே இல்லை. தொடாதது எப்படிக் கெட்டுப்போகும்?"

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல அந்தத் துளைகள் எதற்கு என்று சொல்ல வேண்டும். கிதார் ஆம்பில் இரண்டு பகுதி. முன்பகுதி கிதாரின் மெலிந்த சிக்னலைப் பெருக்கி அதற்கு நிறம் கொடுக்கிறது. பின்பகுதி அதை வாங்கி ஸ்பீக்கரைத் தள்ளுகிறது. ஜிம் மார்ஷல் லண்டன் ஹான்வெல் கடையிலிருந்து 1962இல் கொண்டுவந்த முதல் ஆம்ப், ஃபென்டர் பாஸ்மேனை முன்மாதிரியாகக் கொண்டது. அதில் இந்தத் துளைகள் கிடையாது. சத்தத்தை முழுதாகத் திறந்து பின்பகுதியை நெருக்கித்தான் அன்று கரகரப்பை வரவழைத்தார்கள். பிற்பாடு முன்பகுதியிலேயே கரகரப்பை உண்டாக்கும் ஆம்புகள் வந்தன. அங்கே ஒரு சிக்கல். எதிரொலி தரும் பெடலை ஆம்புக்கு முன்னால் வைத்தால் எதிரொலியும் சேர்ந்து கரகரத்துக் குழம்பிவிடும். தாளிப்பைக் கொதிக்கும் குழம்பில் முதலிலேயே போட்டால் மணம் கரைந்து போகும், இறக்கிய பிறகு கொட்டினால்தான் நிற்கும். அதேபோல் எதிரொலியைச் சேர்க்க முன்பகுதிக்கும் பின்பகுதிக்கும் நடுவில் ஒரு வாசல் வேண்டும். அதுதான் எஃபெக்ட்ஸ் லூப். 'செண்ட்' துளை வழியாகச் சிக்னல் வெளியே போய், பெடலைச் சுற்றி, 'ரிட்டர்ன்' துளை வழியாகத் திரும்பி வருகிறது.

பெடல் எதுவும் இல்லாதபோது? ரிட்டர்ன் துளைக்குள் ஒரு சிறிய ஸ்பிரிங் தகடு இன்னொரு தகட்டின் மேல் சாய்ந்து நின்று, செண்டிலிருந்து வருவதை நேரே உள்ளே விடுகிறது. பிளக்கைச் செருகினால் தகடு விலகும்; எடுத்தால் மறுபடி சாயும். 19ஆம் நூற்றாண்டு டெலிபோன் எக்ஸ்சேஞ்சுக்காகப் பிறந்த அமைப்பு இது. அங்கே ஆபரேட்டர்கள் நாள் முழுக்கச் செருகி எடுத்ததில் தகடுகள் உரசித் தாமாகவே சுத்தமாயின. இங்கே பல வருடமாக ஒருவரும் செருகவில்லை. தகடுகள் அசையாமல் ஒன்றன்மேல் ஒன்று கிடந்தன. ஷில்லாங்கின் ஈரக்காற்று அவற்றுக்கு நடுவே நுழைந்து படலம் போட்டது. தொடாததனால்தான் கெட்டது. பாஹ் இதைக் கேட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை.

சொன்னதை நிரூபிக்க வேண்டுமே. பெட்டியைத் திறக்காமலே நிரூபிக்கலாம். என் ஓரடி வயரின் ஒரு முனையைச் செண்டிலும் மறு முனையை ரிட்டர்னிலும் செருகினேன். இப்போது அந்தத் தகடு பாதையிலேயே இல்லை. பாஹ் விரலால் வருடினார். மெல்லிய ஸ்வரம், மழைச் சத்தத்தையும் மீறி, முழுசாக வந்தது. அவர் மனைவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தார்.

வயரை அப்படியே விட்டுவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் அது கட்டு, வைத்தியம் இல்லை. மழை சற்று விட்டதும் போலீஸ் பஜாருக்கு நடந்து போனேன். காண்டாக்ட் கிளீனர் கிடைக்கவில்லை. மொபைல் பழுதுபார்க்கும் இளைஞன் ஒருவன், போர்டு கழுவ வைத்திருந்த ஐசோப்ரோபைல் ஆல்கஹாலிலிருந்து ஒரு கண்மருந்துப் புட்டி அளவு ஊற்றிக் கொடுத்தான். காசு வாங்க மறுத்துவிட்டான். திரும்பி வந்து, மின்சாரத்தைப் பிடுங்கி, பிளக்கின் மேல் அதைத் தடவி ரிட்டர்ன் துளையில் முப்பது தடவை செருகி எடுத்தேன். முதல் பத்துத் தடவையில் பிளக் முனை கறுத்து வந்தது. துடைத்துத் துடைத்துச் செய்ததில் கடைசியில் வெள்ளையாக வந்தது. காயவிட்டுப் போட்டோம். வயர் இல்லாமலே பாடியது. இராத்திரி ஜாதோ சாப்பிட்டோம்; பன்றி இறைச்சியோடு சேர்த்து வேகவைத்த சிவப்பரிசிச் சோறு. வேலை முடிந்தது என்று நினைத்தேன்.

மறுநாள் சோஹ்ரா. நாம் சிரபுஞ்சி என்று படித்த ஊர். 1860 ஆகஸ்டிலிருந்து 1861 ஜூலை வரை பன்னிரண்டு மாதத்தில் 26,461 மில்லிமீட்டர் மழை அளந்த இடம். அன்றைக்கு அங்கே ஒன்றும் தெரியவில்லை, மூடுபனி. அருவி இருக்கும் திசையிலிருந்து சத்தம் மட்டும் வந்தது. அந்தச் சத்தத்துக்கு நடுவில்தான் போன் அடித்தது. "அங்கிள், மறுபடி போய்விட்டது" என்றாள் அந்தப் பெண்.

சாயங்காலம் போனபோது பெடலின் இரண்டு வயர்களும் லூப்பில் செருகியே இருந்தன. நேற்று நான் சொன்னதைக் கேட்டு, முதன்முறையாகத் தன் எதிரொலிப் பெடலை அங்கே மாட்டி அரை மணி நேரம் வாசித்திருக்கிறாள். அப்போது போயிருக்கிறது. பிளக் செருகியிருக்கும்போது ரிட்டர்ன் தகட்டுக்கு வேலையே இல்லை. ஆகவே இது நேற்றைய பழுது அல்ல. இரண்டாவது ஒன்று ஒளிந்திருக்கிறது.

"போவதற்கு முன்னால் என்ன ஆயிற்று?" என்று கேட்டேன்.

"முதலில் சத்தம் கிழிகிற மாதிரி ஆகும். அப்புறம் ரிவெர்ப் போகும். அதோடு சேர்ந்து எல்லாம் போகும். எப்போதும் அரை மணி நேரம் கழித்துத்தான். அணைத்து ஆறவைத்தால் வந்துவிடும்."

எப்போதும்! ஒரு வருடமாக அவளுக்கு இது தெரிந்திருக்கிறது. கடைக்காரர்கள் கேட்கவில்லை. நேற்று நானும் கேட்கவில்லை. ஆம்ப் யார் பெயரில் இருக்கிறதோ அவரிடம் கேட்டேன். தினமும் வாசிப்பவளிடம் கேட்கவில்லை. சூடேறும்வரை காத்திருக்கவும் இல்லை. பத்து நிமிடம் பாடியதைக் கேட்டுவிட்டு எழுந்து போனது என் பிழை. கடையிலும் இதுதான் நடந்திருக்கும்: ஆறிய ஆம்பைத் தூக்கிப்போய்ப் போட்டிருப்பார்கள், ஐந்து நிமிடம் பாடியிருக்கும், 'ட்யூப் மாற்றியதில் சரியாகிவிட்டது' என்று கொடுத்திருப்பார்கள்.

சூடானபின் போவது, ரிவெர்ப்பும் (ஆம்புக்குள்ளேயே இருக்கும் முழக்க வசதி) லூப்பும் ஒன்றாகச் சாவது. இரண்டுக்கும் பொதுவாக இருப்பது எது? ட்யூப் ஆம்ப் என்று பெயரே தவிர, இதில் ரிவெர்ப்பையும் லூப்பையும் ஓட்டுவது எட்டுக் கால் கொண்ட ஒரு சின்ன ஐசி. அதற்கு +16, -16 என்று இரண்டு வோல்டேஜ் வேண்டும். டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து வருவது அதைவிட அதிகம். மிச்சத்தை 470 ஓம், 5 வாட் சிமெண்ட் ரெசிஸ்டர்கள் இரண்டு வெப்பமாக எரித்துத் தள்ளுகின்றன.

சேஸியை, அதாவது உறுப்புகள் பொருத்திய உலோகத் தட்டை, வெளியே எடுத்தேன். இதைப் படிக்கும் யாரும் முன்பின் தெரியாமல் இதைச் செய்ய வேண்டாம். உள்ளே 400 வோல்ட்டுக்கு மேல் ஓடுகிறது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பெரிய கண்டென்சர்கள் அதைத் தேக்கி வைத்திருக்கும். ரெசிஸ்டர் வழியாக வடித்து, மீட்டரில் பூஜ்யம் பார்த்த பிறகே கை வைத்தேன். பிறகு ஸ்பீக்கர் வயரைத் திரும்ப மாட்டினேன். ட்யூப் ஆம்பை ஸ்பீக்கர் இல்லாமல் ஓட்டினால் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் எரிந்துபோகலாம். மீட்டரின் கறுப்பு முனையைச் சேஸியில் கவ்விவிட்டு, ஆம்பைப் போட்டு, ஒரு கையைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு, மறு கையால் மட்டும் அளந்தேன். +16 நின்றது. -16ம் நின்றது. காத்திருந்தோம். பாஹ் க்வாய் மடித்தார். மழை வலுத்தது. இருபத்தைந்தாவது நிமிடம் மைனஸ் பக்கம் பதினான்கு, பதினொன்று, மூன்று என்று சரிந்தது. ரிவெர்ப் கிழிந்து, அறுந்து, அடங்கியது. மூங்கில் குச்சியால் அந்தச் சிமெண்ட் ரெசிஸ்டரை லேசாகத் தள்ளினேன். 16 திரும்பி வந்தது.

அணைத்து, வடித்து, டார்ச் அடித்துப் பார்த்தோம். ரெசிஸ்டரின் கீழே போர்டு தோசைக்கல் போலக் கருகியிருந்தது. ஈயப்பற்றைச் சுற்றி மயிரிழை அளவு ஒரு வளையம். ரேடியோ மெக்கானிக்குகள் ட்ரை சால்டர் என்பார்களே, அது. தினமும் சூட்டில் விரிந்து, ஆறிச் சுருங்கி, ஈயம் காலிலிருந்து விட்டுப்போயிருக்கிறது. ஆறினால் ஒட்டும், சுட்டால் பிரியும். அந்தப் பெண்ணைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் டார்ச்சை வாங்கித் தானே பிடித்துக்கொண்டாள்.

பழைய ஈயத்தை உறிஞ்சி எடுத்து, காலைச் சுரண்டிச் சுத்தம் செய்து, ரெசிஸ்டரைப் போர்டைத் தொடாமல் அரை அங்குலம் உயர்த்தி நிறுத்திப் புது ஈயம் வைத்தேன். கீழே காற்று போனால் போர்டு இனிமேல் கருகாது. அடுத்ததற்கும் அப்படியே. இந்தத் தடவை அவசரப்படவில்லை. இரண்டு மணி நேரம் அவள் வாசித்தாள், பெடலோடும் பெடல் இல்லாமலும். மைனஸ் 16 அசையவில்லை. பாஹ் கடைசியில் கிதாரை வாங்கிச் சின்னதாக ஒன்று வாசித்தார். எதிரொலி லூப் வழியாகப் போய்த் திரும்பி வந்தது, ஒவ்வொன்றும் தனித்தனியாக.

கிளம்பும்போது ஓரடி வயரை ஆம்பின் கைப்பிடியில் கட்டிவிட்டு வந்தேன். "குப்லேய்" என்றார் பாஹ் மனைவி. நன்றிக்கும் வாழ்த்துக்கும் அவர்களிடம் ஒரே சொல். கழற்றிப் போட்ட பழைய ட்யூபுகளைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். சென்னைக்கு வந்து சோதித்ததில் இரண்டு செட்டும் நன்றாகவே இருந்தன.

உங்கள் வீட்டில் இப்படி ஒரு ஆம்ப் இருந்தால், பின்பக்கத் துளைகளை ஒருபோதும் பயன்படுத்தாவிட்டாலும், மாதம் ஒரு தடவை ஒரு பிளக்கைச் செருகி எடுங்கள். சத்தம் அறுந்தால் கடைக்குத் தூக்கிப்போகும் முன் செண்டையும் ரிட்டர்னையும் ஒரு சின்ன வயரால் இணைத்துப் பாருங்கள். அதற்கும் அடங்காவிட்டால் எத்தனை நிமிடத்தில் போகிறது, எது முதலில் போகிறது என்று எழுதி வைத்து, தெரிந்தவரிடம் அந்தத் தாளையும் சேர்த்துக் கொடுங்கள்.